குழிக்குள் பொருந்தினால் மருந்தாகிவிடுமா? மூலிகைச் சேர்மங்களைக் கணினியில் சலித்தெடுக்கும் முறை

மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை நம்பி வளர்பவை. அந்தச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா என்ற புரதம் நிறைய இருக்கும். அந்தப் புரதத்தின் உள்ளே ஒரு குழி. உடலில் ஓடும் ஈஸ்ட்ராடையால் அந்தக் குழியில் வந்து உட்கார்ந்ததும் புரதத்தின் வடிவம் மாறுகிறது. செல்லைப் பெருகச் சொல்லும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. குழியின் கொள்ளளவு சுமார் 450 கன ஆங்ஸ்ட்ரம். அதில் உட்காரும் ஈஸ்ட்ராடையாலின் பருமனோ 245தான். (ஒரு மில்லிமீட்டரைக் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஓர் ஆங்ஸ்ட்ரம்.) கிட்டத்தட்டப் பாதி இடம் காலியாகவே கிடக்கிறது. ஹார்மோனுக்குத் தூரத்து உறவுபோலத் தோற்றம் கொண்ட பல தாவரச் சேர்மங்கள் அங்கே நுழைந்துவிடுவதற்கு இந்தத் தாராளம் ஒரு முக்கியக் காரணம்.

எந்தச் சேர்மம் அந்தக் குழியில் எப்படி உட்காரும், எவ்வளவு இறுக்கமாக உட்காரும் என்று சோதனைக் குழாயைத் தொடும் முன்பே கணக்கிட்டுப் பார்ப்பதற்கு டாக்கிங் என்று பெயர். ஆயிரம் சேர்மங்களை விலைக்கு வாங்கிச் செல்களில் விட்டுப் பார்க்க ஆண்டுக்கணக்கும் பெரும் பணமும் ஆகும். கணினியில் ஒரு சேர்மத்துக்கு அரை நிமிடம் முதல் சில நிமிடங்கள் போதும். நல்ல மேசைக் கணினி ஒன்று இருந்தால் ஆயிரத்தையும் ஓரிரு நாளில் முடித்துவிடலாம். முடிவில் கையில் கிடைப்பது, ஆய்வகத்துக்கு எடுத்துப் போகத் தக்க இருபது முப்பது பெயர்கள். சல்லடை உமியைத் தள்ளும். தங்கிய மணி முளைக்குமா என்பதை மண்ணில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். டாக்கிங்கின் எல்லையும் அதுவே. இதை மறந்துவிட்டு எழுதப்படும் கட்டுரைகளே அதிகம் என்பதால், எங்கெங்கே தவறு நுழைகிறது என்பதையும் சேர்த்தே இங்கே சொல்கிறோம்.

தாவரத்திலிருந்து புற்றுநோய் மருந்து வரும் என்பதில் ஐயமில்லை. 1962இல் அமெரிக்காவில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்ததில் தொடங்கிய தேடல் பக்ளிடாக்ஸலைத் தந்தது. 1994இல் அது மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. தமிழ்நாட்டில் பயிராகும் நித்தியகல்யாணியின் ஆல்கலாய்டுகளை ஒட்டி உருவான வினோரெல்பின், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் மருந்து. யூ பட்டையை உரித்த காலத்தில் டாக்கிங் என்ற முறையே கிடையாது. கலிஃபோர்னியாவில் இர்வின் குன்ட்ஸின் குழு முதல் டாக்கிங் நிரலை 1982இல்தான் வெளியிட்டது. அதுவரை சாற்றை நேரடியாகச் செல்களில் விட்டே பார்த்தார்கள்.

எந்தப் புரதம், அதன் எந்த வடிவம்

மார்பகப் புற்றுநோய் ஒரே நோய் அன்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை ஒரு வகை. ஹெர்2 என்ற புரதம் மிகுந்தவை இன்னொன்று. இந்த இரண்டோடு புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் இல்லாத 'டிரிபிள் நெகட்டிவ்' மூன்றாவது. மூன்றுக்கும் இலக்குப் புரதங்கள் வேறு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் டாக்கிங் செய்துவிட்டு டிரிபிள் நெகட்டிவ் நோய்க்கும் பயன்படும் என்று எழுதினால் முதல் வரியிலேயே ஆய்வு கவிழ்ந்துவிடும். அந்தச் செல்களில் அந்த ஏற்பியே இருப்பதில்லை.

தொடங்குவோருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவே ஏற்றது. அதன் அணு அமைப்பைப் பலமுறை படிகமாக்கி, எக்ஸ் கதிரால் அளந்து, புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டு கோப்புகளை மட்டும் நினைவில் வையுங்கள். 1997இல் வந்த 1ஈஆர்ஈ: ஈஸ்ட்ராடையால் உட்கார்ந்திருக்கும் நிலை, 3.1 ஆங்ஸ்ட்ரம் துல்லியம். 1998இல் வந்த 3ஈஆர்டி: டமாக்ஸிஃபென் மருந்து உடலில் மாறிக் கிடைக்கும் 4-ஹைட்ராக்ஸி டமாக்ஸிஃபென் உட்கார்ந்திருக்கும் நிலை, 1.9 ஆங்ஸ்ட்ரம். துல்லிய எண் சிறிதாக ஆக ஆக அணுக்களின் இடம் தெளிவாகத் தெரியும். 2.5க்குள் இருப்பவற்றை எடுப்பது நல்லது.

இரண்டு கோப்புக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஓர் உறுப்பில் இருக்கிறது. புரதத்தின் வால் பக்கம் ஹெலிக்ஸ் 12 என்று ஒரு சுருள். ஈஸ்ட்ராடையால் உட்கார்ந்ததும் அது குழியின் மேல் மூடிபோலக் கவிழ்ந்துகொள்ளும். அப்படிக் கவிழ்வதால் வெளிப்பக்கம் ஒரு பள்ளம் உருவாகி, அதில் துணைப் புரதங்கள் வந்து ஒட்டும், பெருக்கம் தொடங்கும். 4-ஹைட்ராக்ஸி டமாக்ஸிஃபென்னுக்கு நீண்டு நிற்கும் ஒரு கை உண்டு. அது குழியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மூடி மூட முடியாமல் விலகி, துணைப் புரதம் ஒட்ட வேண்டிய பள்ளத்தில் தானே போய்ப் படுத்துவிடுகிறது. உத்தரவு நின்றுபோகிறது. மருந்தின் வேலை முழுவதும் அந்தக் கையில் இருக்கிறது. குழியில் உட்காருவதை ஹார்மோனும் செய்யும், மருந்தும் செய்யும். இந்தச் செய்தி கீழே மீண்டும் வேண்டியிருக்கும்.

புரதக் கோப்பைத் தயார் செய்தல்

3ஈஆர்டி கோப்பை இறக்கியதும், மூலக்கூறுகளைப் படமாகக் காட்டும் பைமோலிலோ கைமெராவிலோ திறந்து பாருங்கள். புரதச் சங்கிலி, ஓஎச்டி என்ற குறியீட்டில் மருந்து மூலக்கூறு, சுற்றிலும் சிவப்புப் புள்ளிகளாக நீர் மூலக்கூறுகள். மருந்தைத் தனிக் கோப்பாகச் சேமித்து வைத்துவிட்டுப் புரதத்திலிருந்து நீக்க வேண்டும். நீக்க மறந்தால் குழியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று எண்ணி நிரல் உங்கள் சேர்மங்களையெல்லாம் புரதத்தின் வெளிப்புறத்தில் ஒட்டவைக்கும். எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று நிரல் தரும் எண், அதாவது ஸ்கோர், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி −5, −6 என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

நீரையெல்லாம் துடைத்துவிடுங்கள் என்றே பெரும்பாலான பயிற்சிக் குறிப்புகள் சொல்லும். இந்தப் புரதத்தில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கலாம். குழியின் ஒரு முனையில் புரதச் சங்கிலியின் 353ஆம் இடத்துக் குளூட்டமிக் அமிலமும் 394ஆம் இடத்து ஆர்ஜினினும் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு நீர் மூலக்கூறு மூன்றாவது ஆளாக நின்று, உள்ளே வரும் சேர்மத்தின் ஃபீனால் தொகுதியை (ஓஎச் ஒட்டிய பென்சீன் வளையம்) பிடித்துக்கொள்ள உதவுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் பல படிக அமைப்புகளில் இந்த நீர் அதே இடத்தில் இருக்கிறது. அதை வைத்து ஒருமுறை, நீக்கி ஒருமுறை என இரண்டு ஓட்டம் ஓட்டிப் பார்ப்பது நேர்மையான வழி.

படிகத்தில் அசைந்துகொண்டிருந்த பகுதிகள் கோப்பில் விடுபட்டிருக்கலாம். கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்து 'ரிமார்க் 465' என்று தொடங்கும் வரிகளைப் பார்த்தால் விடுபட்ட அமினோ அமிலங்களின் பட்டியல் கிடைக்கும். அவை குழியிலிருந்து தொலைவில் இருந்தால் கவலையில்லை. குழியின் சுவரிலேயே விடுபட்டிருந்தால் வேறு கோப்பைத் தேடுங்கள்.

பிறகு ஹைட்ரஜன் சேர்த்தல். எக்ஸ் கதிர்ப் படிகங்களில் ஹைட்ரஜன் பெரும்பாலும் தெரியாது. ஆட்டோடாக் டூல்ஸ் என்ற துணை நிரல் அதைச் சேர்த்து, டாக்கிங் நிரல் படிக்கும் பிடிபிக்யூடி வடிவத்துக்குக் கோப்பை மாற்றித் தரும். 524ஆம் இடத்து ஹிஸ்டிடினை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். ஹிஸ்டிடினில் ஹைட்ரஜன் இரண்டு நைட்ரஜன்களில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஈஸ்ட்ராடையாலின் மறுமுனையைப் பிடிக்கும் கை அதுதான். தவறான நைட்ரஜனில் ஹைட்ரஜன் உட்கார்ந்தால் அந்தப் பிணைப்பு கணக்கில் வராமல் போகும்.

ஆட்டோடாக் வீனா என்ற டாக்கிங் நிரலைப் பயன்படுத்துவோர் மின்சுமைகளைச் சேர்ப்பதில் மணிக்கணக்கில் செலவிட வேண்டாம். 2010இல் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்திலிருந்து வந்த இந்த நிரலின் வழக்கமான ஸ்கோர் முறை அணுக்களின் பகுதி மின்சுமையைப் பார்ப்பதே இல்லை. எந்த அணு ஹைட்ரஜனைக் கொடுக்கும், எது வாங்கும், எது நீரை வெறுக்கும் என்பதை மட்டுமே பார்க்கிறது. அதனால்தான் ஹைட்ரஜனின் இடம் இவ்வளவு முக்கியமாகிறது.

தாவரச் சேர்மங்களைத் தயார் செய்தல்

சேர்மங்களின் பட்டியலுக்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல மூலம் இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் உருவான இம்பாட் தரவுத்தளத்தின் இரண்டாம் பதிப்பு, 4,010 இந்திய மருத்துவத் தாவரங்களிலிருந்து 17,967 சேர்மங்களைத் தொகுத்திருக்கிறது. எந்தத் தாவரத்தின் எந்தப் பாகத்தில் எந்தச் சேர்மம் என்றும் தேடலாம். வேர், இலை, பட்டை என்று பாகம் மாறினால் சேர்மங்களும் மாறும் என்பதால் இது பெரிய உதவி. தனித்தனிச் சேர்மங்களுக்குப் பப்கெம் என்ற பொதுத் தரவுத்தளம் போதும்.

இறக்கிய வடிவத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. மூன்று இடங்களில் சறுக்கல் அதிகம்.

ஒன்று, உடலின் காரஅமில நிலையில் மூலக்கூறு எப்படி இருக்கும் என்பது. 4-ஹைட்ராக்ஸி டமாக்ஸிஃபென்னின் நீண்ட கையின் நுனியில் ஒரு நைட்ரஜன் உண்டு. பிஎச் 7.4இல் அது ஒரு ஹைட்ரஜனை ஏற்று நேர்மின் சுமையோடு நிற்கும். அந்த ஹைட்ரஜன்தான் 351ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலத்தைப் பற்றுகிறது. தரவுத்தளப் படத்தில் பெரும்பாலும் அந்த ஹைட்ரஜன் இருக்காது. ஓப்பன் பேபல் நிரலில் பிஎச் 7.4 என்று குறிப்பிட்டு மாற்றினால் சேர்ந்துவிடும். ஆனாலும் மாற்றியபின் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்ப்பது நல்லது. நிரல் சிலவேளை ஃபீனாலையும் தேவையில்லாமல் அயனியாக்கிவிடும்.

இரண்டாவது, ஒரே சேர்மத்தின் மாறும் முகங்கள். மஞ்சளின் குர்குமின் கீட்டோ, ஈனால் என்று இரு வடிவில் இருக்கும். கரைசலில் மேலோங்குவது ஈனால்; அது தட்டையாக விறைத்து நிற்கும். கீட்டோ வடிவம் நடுவில் மடங்கும். படத்தில் கிடைத்த கீட்டோவை மட்டும் டாக் செய்தால், கரைசலில் சிறுபான்மையாக இருக்கும் ஒரு வடிவத்துக்கு ஸ்கோர் வாங்கியிருக்கிறீர்கள்.

மூன்றாவது, சர்க்கரை ஒட்டிய சேர்மங்கள். ரூட்டின் என்பது குவர்சிட்டினோடு இரண்டு சர்க்கரை சேர்ந்தது. செடியில் இருப்பது ரூட்டின். குடலில் நுண்ணுயிர்கள் சர்க்கரையைக் கழற்றிவிடுகின்றன. ஏற்பியின் குழிவரை முழு ரூட்டின் போய்ச் சேரும் என்று எண்ண இடமில்லை. அதனால் சர்க்கரை நீங்கிய வடிவத்தையும் பட்டியலில் சேருங்கள்.

இடவலப் பிரச்சினையும் உண்டு: அணுக்கள் ஒன்றே, திசை மட்டும் வேறு. டமாக்ஸிஃபென்னின் இசட் வடிவமே மருந்து. கோப்பு வடிவங்களை மாற்றும்போது இந்தத் திசைக் குறிப்பு காணாமல் போனால் நிரல் தன் விருப்பத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

பெட்டி போடுதல்

புரதம் முழுவதும் தேடாமல் குழியைச் சுற்றி மட்டும் தேடு என்று நிரலுக்குச் சொல்வதுதான் கிரிட் பாக்ஸ். பெட்டியின் மையத்தை ஊகிக்க வேண்டாம். தனியே சேமித்து வைத்த ஓஎச்டி மூலக்கூறின் அணுக்களின் சராசரி இடத்தை எடுத்தால் அதுவே மையம். ஒவ்வொரு பக்கமும் 20 முதல் 24 ஆங்ஸ்ட்ரம் நீளம் போதும்.

இந்த இடத்தில் எக்கச்சக்கமான பேர் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஆட்டோடாக் டூல்ஸில் பெட்டியின் அளவு ஆங்ஸ்ட்ரத்தில் இல்லை. புள்ளிகளின் எண்ணிக்கையில் இருக்கும். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இயல்பான இடைவெளி 0.375 ஆங்ஸ்ட்ரம். அங்கே 60 என்று காட்டினால் உண்மை நீளம் 22.5 ஆங்ஸ்ட்ரம். அந்த 60ஐ அப்படியே வீனாவின் அமைப்புக் கோப்பில் எழுதினால், வீனா அதை 60 ஆங்ஸ்ட்ரம் என்றே எடுத்துக்கொள்ளும். தேட வேண்டிய இடம் பத்தொன்பது மடங்கு பெருத்துவிடும். பெட்டியின் பருமன் 27,000 கன ஆங்ஸ்ட்ரத்தைத் தாண்டினால் வீனா எச்சரிக்கை தரும். ஆயிரம் சேர்மங்களைத் தானியங்கியாக ஓட்டும்போது அந்த வரியை யாரும் படிப்பதில்லை. ஒரு சேர்மத்தைத் தனியாக ஓட்டித் திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு, அதன்பிறகு ஆயிரத்துக்குப் போங்கள்.

எக்ஸாஸ்டிவ்னெஸ் என்பது எவ்வளவு விடாமுயற்சியோடு தேட வேண்டும் என்பதற்கான எண். இயல்பாக 8 இருக்கும். சுழலும் பிணைப்புகள் பல உள்ள சேர்மங்களுக்கு 16 அல்லது 32 வைப்பது நல்லது. தேடல் தற்போக்கில் தொடங்குவதால் மூன்று முறை ஓட்டுங்கள். மூன்றிலும் சேர்மம் ஒரே மாதிரி உட்கார்ந்தால் நம்பலாம். மூன்று விதமாக உட்கார்ந்தால் அதன் ஸ்கோர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பொருளில்லை.

விடை தெரிந்த கணக்கை முதலில் போடுங்கள்

உங்கள் சேர்மங்களைத் தொடும் முன், ஓஎச்டியையே எடுத்து டாக் செய்யுங்கள். அது எங்கே உட்கார வேண்டும் என்பது படிகத்திலிருந்து தெரியும். நிரல் தந்த நிலைக்கும் படிக நிலைக்கும் உள்ள சராசரி விலகல், அதாவது ஆர்எம்எஸ்டி, 2 ஆங்ஸ்ட்ரத்துக்குள் இருந்தால் உங்கள் அமைப்பு சரி. தாண்டினால் பெட்டியோ ஹைட்ரஜனோ எங்கோ பிழை. இதைச் சரிசெய்யாமல் மேலே போவது, தராசை நிறுத்துப் பார்க்காமல் தங்கம் எடைபோடுவது போல.

இதிலும் கண்ணை மறைக்கும் இடங்கள் இரண்டு. படிகத்தில் இருந்த ஓஎச்டியின் வளைவு நெளிவோடு அதையே திரும்பக் கொடுத்தால் நிரலுக்கு விடையைப் பாதி சொல்லிக் கொடுத்ததாகிவிடும். மூலக்கூறைப் புதிதாக உருவாக்கிக் கொடுங்கள். அடுத்து, பைமோலில் 'அலைன்' கட்டளை இரண்டு மூலக்கூறுகளையும் ஒன்றன்மேல் ஒன்று இழுத்துப் பொருத்திவிட்டுத்தான் விலகலைச் சொல்லும். அப்படி வரும் 0.6 என்ற எண்ணுக்கு மதிப்பில்லை. நகர்த்தாமல் இருந்த இடத்திலேயே அளக்கும் 'ஆர்எம்எஸ் கர்' கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்த சோதனை இன்னும் கடுமையானது. பலரும் தவிர்ப்பதும் இதைத்தான். டியுடி-ஈ என்ற பொதுத் தொகுப்பு 2012இல் வந்தது. அதில் 102 புரதங்களுக்கு, உண்மையில் ஒட்டும் சேர்மங்களும், ஒவ்வொன்றுக்கும் சுமார் 50 போலிகளும் இருக்கின்றன. போலிகள் எடையிலும் கரைதன்மையிலும் அசலைப் போலவே இருக்கும். ஆனால் ஒட்டும் என்று எதிர்பார்க்க முடியாத அமைப்பு கொண்டவை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவும் அதில் உண்டு. இரண்டையும் கலந்து ஓட்டிப் பார்த்தால், உங்கள் சல்லடை அசலை மேலே கொண்டுவருகிறதா என்பது தெரியும். அசலையும் போலியையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று காட்டும் ஆர்ஓசி வரைகோட்டின் கீழ்ப் பரப்பு 0.5 என்றால் காசு சுண்டிப் போட்டதற்குச் சமம். 0.7க்கு மேல் போனால் தொடரலாம்.

அந்த எண் என்ன சொல்கிறது

வீனா ஒவ்வொரு சேர்மத்துக்கும் கிலோ கலோரி/மோல் அலகில் ஓர் எதிர்ம எண்ணைத் தரும். எவ்வளவு எதிர்மமோ அவ்வளவு இறுக்கம். அறை வெப்பநிலையில் 1.36 கிலோ கலோரி வேறுபாடு, ஒட்டும் வலிமையில் பத்து மடங்கு வேறுபாட்டுக்குச் சமம். ஏற்பிகளில் பாதியை நிரப்பத் தேவையான செறிவாக மாற்றினால், −8.1 என்றால் சுமார் 1.2 மைக்ரோமோலார், −9.5 என்றால் சுமார் 0.11 மைக்ரோமோலார். கேட்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வீனாவை உருவாக்கியவர்களே அதன் கணிப்பின் திட்டப்பிழை சுமார் 2.85 கிலோ கலோரி என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிழையளவே நூறு மடங்கைத் தாண்டிய வேறுபாடு. −9.2 வாங்கிய சேர்மம் −8.8 வாங்கிய மருந்தைவிடச் சிறந்தது என்று ஒரு கட்டுரை சொன்னால், அந்தக் கூற்றுக்கு அடித்தளமே இல்லை.

பெரிய மூலக்கூறுக்குப் பெரிய ஸ்கோர் என்ற சாய்வும் உண்டு. அணுக்கள் கூடக் கூடத் தொடும் இடங்களும் கூடும், எண்ணும் ஏறும். ஜெனிஸ்டீனில் ஹைட்ரஜன் தவிர்த்து 20 அணுக்கள், குவர்சிட்டினில் 22, குர்குமினில் 27, ரூட்டினில் 43. உதாரணத்துக்கு, 43 அணுக்கள் கொண்ட ஒன்று −9.4 வாங்கினால் அணுவுக்கு 0.22. 20 அணுக்கள் கொண்டது −8.0 வாங்கினால் அணுவுக்கு 0.40. மருந்து வேதியியலார் இரண்டாவதைத்தான் கையில் எடுப்பார்கள். ஸ்கோரோடு இந்த விகிதத்தையும் ஒரு பத்தியில் போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணுக்கு மேலே, படத்தைப் பாருங்கள். சேர்மத்தின் ஃபீனால் தொகுதி 353, 394 பக்கம் திரும்பியிருக்கிறதா? 524ஐ எட்டுகிறதா? 351ஐத் தொடும் கை ஒன்று இருக்கிறதா? அறிந்த மருந்துகள் பற்றும் இடத்தைப் பற்றாமல் வேறெங்கோ சாய்ந்து நல்ல ஸ்கோர் வாங்கிய சேர்மங்களைத் தயங்காமல் தள்ளலாம்.

ஜெனிஸ்டீன் கற்றுத்தரும் பாடம்

சோயாவின் ஜெனிஸ்டீனை டாக் செய்தால் அது குழியில் அழகாகவே உட்காரும். ஒரு முனை குளூட்டமிக் அமிலத்தையும் ஆர்ஜினினையும் பிடிக்கும், மறுமுனை ஹிஸ்டிடினை. ஈஸ்ட்ராடையால் செய்வதும் இதேதான். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு ஜெனிஸ்டீன் சேர்ந்த படிகங்களும் இருப்பதால் இது வெறும் கணிப்பு அன்று, உண்மையிலேயே உட்காருகிறது.

அதனால் என்ன நடக்கிறது? ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கொண்ட எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்களில் 1 மைக்ரோமோலாரை ஒட்டிய அளவில் ஜெனிஸ்டீனை விட்டால் செல்கள் பெருகுகின்றன. செறிவு 10ஐத் தாண்டி மேலே போகும்போதுதான் தடுக்கத் தொடங்குகிறது. 2002இல் வெளியான ஓர் எலி ஆய்வில், உணவில் கலந்த ஜெனிஸ்டீன் டமாக்ஸிஃபென்னின் பலனையே குலைத்தது. காரணம் மேலே சொன்ன மூடி. ஜெனிஸ்டீனுக்கு வெளியே நீளும் கை இல்லை. ஏற்பியை அது தடுக்கவில்லை, இயக்குகிறது.

3ஈஆர்டி கோப்பில் மூடி ஏற்கெனவே விலகி நிற்கிறது. டாக்கிங்கின்போது புரதம் அசைவதும் இல்லை. ஆகவே இயக்கும் சேர்மத்தை உள்ளே வைத்தாலும் அந்த மூடி மூடப் போவதில்லை, நிரலுக்கு வித்தியாசம் தெரியப் போவதும் இல்லை. ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: அதே சேர்மத்தை மூடி மூடிய 1ஈஆர்ஈ வடிவத்திலும் டாக் செய்யுங்கள். ஓஎச்டி போன்ற தடுப்பான் அந்த வடிவத்தில் இடிக்கும், ஸ்கோர் மோசமாகும். இரண்டிலும் சுகமாக உட்காருவது இயக்கியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து தேடும் பட்டியலில் அப்படிப்பட்ட ஒன்று முதலிடத்தில் நின்றால் அது ஆபத்து. டமாக்ஸிஃபென் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் 'கணினி ஆய்வில் நிரூபணம்' என்ற வரியைப் படித்துவிட்டுச் செறிவூட்டிய தாவரச் சாற்று மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கிவிடக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

மிஞ்சியவற்றை வடிகட்டுதல்

ஸ்கோரையும் படத்தையும் தாண்டி வந்த ஐம்பது அறுபது சேர்மங்களை ஸ்விஸ்ஏடிஎம்ஈ என்ற இலவச வலைக்கருவியில் போட்டால், குடலில் உறிஞ்சப்படுமா, கல்லீரல் நொதிகளோடு மோதுமா என்று ஒரு கணிப்பு கிடைக்கும். 1997இல் லிப்பின்ஸ்கி வகுத்த விதியையும் அது சரிபார்க்கும்: மூலக்கூறு எடை 500க்குள், எண்ணெயில் கரையும் அளவைக் காட்டும் லாக்பி 5க்குள், ஹைட்ரஜன் கொடுப்பவை 5க்குள், வாங்குபவை 10க்குள். வாய்வழி மருந்துக்கான விதி இது. கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டியதில்லை. 854 எடை கொண்ட பக்ளிடாக்ஸல் இந்த விதியில் தோற்றுப்போகும். அது நரம்பில் ஏற்றும் மருந்து.

பெய்ன்ஸ் என்ற எச்சரிக்கை வந்தால் மட்டும் நிதானிக்க வேண்டும். 2010இல் தொகுக்கப்பட்ட இந்தப் பட்டியல், எந்தச் சோதனையில் போட்டாலும் வேலை செய்வதுபோல் ஏமாற்றும் அமைப்புகளைச் சுட்டுகிறது. குவர்சிட்டினின் கேட்டகால் வளையம் அதில் உண்டு. குர்குமினைப் பற்றி 2017இல் வந்த விரிவான மருந்து வேதியியல் மதிப்பீடும் இதையே சொன்னது. உடலின் பிஎச் நிலையில் வெறும் தாங்கல் கரைசலில் குர்குமின் சில நிமிடங்களிலேயே சிதைகிறது. ஒரு மருத்துவ ஆய்வில் 8 கிராம் குர்குமினை வாய்வழியே கொடுத்தும் இரத்தத்தில் எட்டிய உச்ச அளவு சராசரியாக 1.77 மைக்ரோமோலார்தான். செல்களில் அது பலன் காட்டும் அளவு பெரும்பாலும் 10 மைக்ரோமோலாருக்கு மேல். டாக்கிங் ஸ்கோரால் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

அடுத்த படி மூலக்கூறு இயக்கவியல். குரோமாக்ஸ் போன்ற நிரலில், புரதத்தையும் சேர்மத்தையும் ஆயிரக்கணக்கான நீர் மூலக்கூறுகளுக்குள் மூழ்கடித்து, 0.15 மோலார் உப்புச் சேர்த்து, அணுக்களை அசையவிட்டுப் பார்ப்பது. ஒரு படிக்கு 2 ஃபெம்டோ நொடி என்றால் 100 நானோ நொடிக்கு 5 கோடிப் படிகள். ஜிபியு என்ற வரைகலைச் செயலி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். சேர்மம் குழியில் தங்குகிறதா, மெல்ல வெளியே நழுவுகிறதா என்பது இதில் தெரியும். நழுவினால் தள்ளிவிடலாம். தங்கினால், தங்குகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூடி திறந்து மூடும் அசைவு 100 நானோ நொடியில் அடங்குவது இல்லை.

மிஞ்சிய பெயர்களோடு ஆய்வகத்துக்கு

இனி எம்சிஎஃப்-7 செல்கள். 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 முதல் 10,000 செல்கள், சேர்மத்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.1 விழுக்காட்டுக்குள், 72 மணி நேரம், பிறகு உயிருள்ள செல்கள் ஊதாவாக மாற்றும் எம்டிடி சாயம், 570 நானோமீட்டரில் அளவீடு. இந்த அளவுக்குச் செய்முறைக் கையேடு எல்லாவற்றிலும் இருக்கும். இந்த ஏற்பிக்கே உரிய மூன்று கவனங்கள் அவற்றில் சிலவேளை விடுபடுகின்றன.

செல் வளர்ப்பு ஊடகத்தின் இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஃபீனால் ரெட் தானே மெல்லிய ஈஸ்ட்ரோஜன்போல் நடந்துகொள்ளும். ஊடகத்தில் சேர்க்கும் இரத்தச் சீரத்திலும் ஹார்மோன் இருக்கும். ஃபீனால் ரெட் இல்லாத ஊடகமும் கரித்தூளால் ஹார்மோன் நீக்கிய சீரமும் கொண்டு இரண்டு மூன்று நாள் செல்களைப் பட்டினி போட்ட பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் சேர்மம் இயக்குகிறதா தடுக்கிறதா என்பது அந்த இரைச்சலில் கேட்காது.

தாவரப் பாலிஃபீனால்கள் எம்டிடி சாயத்தைச் செல்லின் உதவியில்லாமலே ஊதாவாக மாற்றக்கூடும். செல் செத்திருந்தாலும் உயிரோடு இருப்பதாக எண் வரும். செல்லே இல்லாத குழியில் சேர்மத்தையும் சாயத்தையும் மட்டும் விட்டு ஒரு வரிசை வையுங்கள். அது நிறம் மாறினால் வேறு முறையில் அளக்க வேண்டும்.

கடைசியாக, ஏற்பி இல்லாத எம்டிஏ-எம்பி-231 செல்களிலும் அதே செறிவுகளை விட்டுப் பாருங்கள். இரண்டு வகைச் செல்களும் ஒரே மாதிரி சாகின்றன என்றால் சேர்மம் வேறெதையோ தாக்குகிறது, அல்லது எல்லாவற்றுக்கும் நஞ்சாக இருக்கிறது. எம்சிஎஃப்-7 மட்டும் அடங்குகிறது என்றால் ஈஸ்ட்ராடையாலைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஹார்மோன் கூடக் கூடத் தடை விலகிச் செல்கள் மறுபடி பெருகத் தொடங்கினால், அந்தச் சேர்மம் கணினியில் காட்டிய அதே குழிக்காகத்தான் ஈஸ்ட்ராடையாலோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தது.